பின்னணி இசை: டையோடு அண்ணன்

திண்டிவனத்தில் மின்சாரத்தின் நடத்தை சரியில்லை என்று அதன்மேல் தனிப்பட்ட கோபம் வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் தெரு டையோடு அண்ணன்தான். மிக்சி, சார்ஜர் எது கெட்டாலும் அவர் கடைக்குத்தான் ஓடுவோம். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

“வீட்டுக்கு வர்ற கரண்டு கீதே, அது ஏசி. வினாடிக்கு அம்பது தபா போறதும் வர்றதுமா ஒரே பேஜாரு. டையோடு வாசல்ல நின்னுக்கினு, ‘போறியா, போ. திரும்பி வராத’ன்னு சொல்லிடும். அப்புறம் அது டிசி!”

மனிதர்களையும் அப்படித்தான் ஏசி, டிசி என்று பிரிப்பார். என் தங்கை கலாவைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்த மாப்பிள்ளையைத் தெருமுனையிலேயே மடக்கிவிட்டார்.

“தம்பி, புடிச்சிருக்குதுன்னு சொன்னா சொன்னதுதானே? ஊருக்குப் போய் மாத்திப் பேச மாட்டீங்களே?”

மாப்பிள்ளை பயத்தில்தான் சம்மதித்தாரோ என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம். அண்ணன் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து, “பையன் டிசி. ஜல்தியா முடிங்க” என்று சான்றிதழ் கொடுத்தார்.

கல்யாண வரவேற்பில் கலா பாடுவதாக ஏற்பாடு. “எங்க மருமவ பாடும்” என்று மாமியார் சொந்தபந்தம் மொத்தத்தையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கீபோர்டின் பழைய அடாப்டர் புகைவிட்டு அடங்கியது. புகுந்த வீட்டின் முன்னால் முதல் நாளே இப்படியா என்று கலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பந்தியில் பாயசத்தில் இருந்த அண்ணன், கையைப் பாதி கழுவிக்கொண்டு ஓடிவந்து அடாப்டரைப் பிரித்தார்.

“டிரான்ஸ்பார்மர் நல்லா கீது. டையோடுதான் பூடுச்சு.”

மற்றவர்கள் பேனா வைக்கும் பையிலிருந்து நாலு டையோடு வந்தது. “கரண்டை வழவழன்னு ஆக்குற கெப்பாசிட்டரும் உப்பிக்கினு கீது. பெருசு கடையில மாட்டிக்கிச்சு. சின்னதுதான் இருக்குது. கொஞ்சம் உறுமும். நீ பாடு கண்ணு.”

ஈயம் வைத்துப் பற்றவைக்க நேரமில்லை. மேடைக்குப் பின்னால் சம்மணம் போட்டு, முறுக்கிய ஒயர்களை விரலாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். டிரான்ஸ்பார்மரைத் தாண்டி இளைத்துப்போன கரண்டு ஷாக் அடிக்காது என்பது அவர் கணக்கு.

கொஞ்சமா உறுமியது? ஸ்பீக்கருக்குள் வண்டு புகுந்த மாதிரி மண்டபம் முழுக்க ‘ம்ம்ம்ம்’. கலா ஒரு கணம் திகைத்தாள். பிறகு அந்த ‘ம்ம்’மையே சுருதியாக வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். கீபோர்டுக்காரர் தட்டுத்தடுமாறி அவள் பின்னால் ஓடினார். மாமியார் பக்கத்து நாற்காலியிடம், “தம்புராவெல்லாம் வெச்சிருக்காங்க பாரு” என்று பெருமையடித்தார். கைதட்டல் அடங்கும்வரை அண்ணன் ஒயரை விடவில்லை.

பிறகு வீடியோக்காரர் கலாவுக்குப் போன் செய்தார். “பாட்டுல ஒரு இரைச்சல் வருதுங்க. எடுத்துட்டுத் தர்றேன்.”

கலா பதறிவிட்டாள். “அய்யோ, அதுல கை வெக்காதீங்க! கல்யாண வீடியோவுல எங்க டையோடு அண்ணன் அந்த ஒரு எடத்துலதான் இருக்காரு.”