பச்சைக் குடம் பதக்கம் வாங்கிய வரலாறு

எர்ணாவூர் நாலாவது தெருவில் குடம் என்பது பாத்திரம் அல்ல, ஆள். தண்ணி லாரி எப்போது வரும் என்று அந்த லாரிக்கே தெரியாது. அதற்காக மனுஷன் பிழைப்பை விட்டுவிட்டு வெயிலில் நிற்க முடியுமா? விடியும் முன்னே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு மீன் விற்கப் போகலாம், கல்யாணத்துக்கே போய் வரலாம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. இந்தச் சட்டத்தை எந்த அரசாங்கமும் போடவில்லை. அதனால்தான் எல்லோரும் மதித்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்று கோடையில் அந்த லாரியும் எப்போதாவதுதான் தலைகாட்டியது. எங்கள் துயரத்தை மேலிடம் ஆழ்ந்து பரிசீலித்து, வெப்பத் தாங்குதிறன் வளர்ச்சி வாரியம் என்று ஒன்றை அமைத்தது. தண்ணி கொடுப்பதைவிடத் தாகத்தைத் தாங்கப் பழக்குவது சுலபம் அல்லவா! வாரியத்தின் இணை இயக்குநர் சுப்பராயன் வெளிநாடு போய் வந்தவர். அங்கே வசதியுள்ளவர்கள் காசு கட்டி நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, கடைசியில் மயங்கி விழுவதைக் கண்ணால் பார்த்திருந்தார். நாடு முன்னேறும் ரகசியம் அதுதான் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

அறிவிப்பு வந்தது. நெட்டுக்குப்பம் முகத்துவாரத்தில் நீச்சல். அங்கிருந்து திருவொற்றியூர் வரை சைக்கிள். திரும்ப எர்ணாவூர் வரை ஓட்டம். அக்னி நட்சத்திரம், உச்சி வெயில். வெற்றியாளர் வசிக்கும் இடத்தில், வாரியச் செலவில் ஒரு தண்ணீர்க் குழாய்.

குழாய்! நாலாவது தெருவும் அஞ்சாவது தெருவும் அன்றோடு பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டன.

எங்கள் தெரு சார்பில் சுப்பராயனிடம் பேரம் பேச மீன்காரக் கன்னியம்மா போனாள்.

"பன்னெண்டு மணி வெயிலா? ஒரே ரேட்டா சொல்லாத சார். ஏழு மணி வெயிலு குடு."

"ஏழு மணிக்கு அடிப்பது வெயிலே அல்லம்மா. அதில் தாங்குவதற்கு என்ன இருக்கிறது?"

"சரி, எனக்கும் வோணாம் உனக்கும் வோணாம். ஒம்போது."

"பதினொன்றரை. அதற்குக் கீழே இறங்க எனக்கு அதிகாரமில்லை."

"வெயிலுக்கு இன்னா சார் ஃபிக்சட் ரேட்டு? சூரியன் உன் ஆபீஸ்லயா வேலை செஞ்சிகினு கீது?"

பேரம் பதினொன்றரைக்கு முடிந்தது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்ததால் போட்டி ஆரம்பித்தபோது பன்னெண்டரை.

போட்டியன்று, தொடக்கக் கோட்டில் இடம் பிடிக்க வேண்டும் என்றார்கள். இடம் பிடிப்பதை எங்களுக்கா சொல்லித் தர வேண்டும்? விடியும் முன்னே எங்கள் தெரு சௌக்கத் அலியின் மீன்பாடி வண்டியில் குடங்களை ஏற்றிப் போய்க் கோட்டில் வரிசையாக வைத்துவிட்டு, நிறுத்தியிருந்த கண்டெய்னர் லாரிகளின் நிழலில் குந்திக்கொண்டோம். வரிசையில் நிற்பதற்கெல்லாம் எண் ஒட்டச் சொல்லி உத்தரவு. ஊழியர்கள் ஒட்டினார்கள். எதற்கு ஒட்டுகிறோம் என்று பார்க்கச் சொல்லி உத்தரவில் இல்லை.

சுப்பராயன் கொடியை அசைத்தார். யாரும் அசையவில்லை.

"போட்டியாளர்கள் எங்கே?"

"நிக்குறாங்களே சார்," என்றாள் கன்னியம்மா. "பச்சக் குடம் நானு. பக்கத்துல ஆரஞ்சுக் குடம் அஞ்சாவது தெரு அங்கம்மா. இரு, இதோ வந்து நிக்குறோம்."

"தொடாதே!" சுப்பராயன் அலறினார். "எண் வழங்கியாகிவிட்டது. இனி ஆளை மாற்றினால் அது ஆள்மாறாட்டம்!"

டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் குடங்களைத் தட்டிப் பார்த்தார். "காலையிலிருந்து வெயிலில் நின்றும் ஒரு சொட்டு வியர்வை இல்லை, மயக்கமில்லை. இப்படியொரு தேகத்தை நான் கண்டதில்லை," என்று சான்று தந்தார்.

போட்டியை ரத்து செய்ய மேலிட அனுமதி வேண்டும். நடத்துவதற்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே குடங்களே போட்டியாளர்கள் என்று தீர்ப்பாயிற்று. குடத்துக்குக் கை கால் இல்லாத குறையை வாரிய ஊழியர்கள் ஈடு செய்ய வேண்டும். ஊழியருக்கு ஒரு குடம்.

அதைக் கேட்டதும் கன்னியம்மாவின் கண் மின்னியது. பச்சைக் குடத்தைச் சுப்பராயன் கையில் திணித்தாள். "பெரிய ஆபீசருக்குப் பெரிய குடம். இன்னா சார், நாயந்தானே?"

விருந்தினர் கைதட்டிவிட்டார். மறுக்க வழியில்லை.

வாரியம் முழுக்கால் சட்டையோடு முகத்துவாரத்தில் இறங்கியது. தொழிற்சாலைத் தண்ணி கலந்து அங்கே ரசம் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. "குடத்தக் கவுத்து வயித்துக்கடியில வெச்சிக்க நைனா, முயுவ மாட்டே!" என்று கரையிலிருந்து பயிற்சி தந்தோம். பிறகு குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிள். தார் உருகி டயர் ஒட்டியது. திருவொற்றியூரில் பாதிப் பேர் பெட்டிக்கடை நிழலில் படுத்து, மருத்துவ விடுப்பு கேட்டார்கள்.

ஓட்டத்தில் சுப்பராயன் நாக்குத் தள்ள, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தள்ளாடினார். மீன்பாடி வண்டியில் கூடவே வந்த கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அய்ய, இடுப்புல வெய்யி சார்! உன்னியெல்லாம் எவன் ஆபீசராக்கினான்?"

ஆரஞ்சுக் குடத்தைச் சுமந்து வந்த இளைய உதவியாளர் நல்ல ஓட்டக்காரர். பக்கத்தில் வந்தார். "முந்துய்யா, முந்து!" என்று அஞ்சாவது தெருவே கத்தியது. அவர் முந்தவில்லை. தன் மேலதிகாரியை எந்த ஊழியன் முந்துவான்? இணை இயக்குநர், துணை இயக்குநர், கண்காணிப்பாளர், உதவியாளர் என்று பதவி வரிசைப்படி குடங்கள் எல்லைக்கோட்டைக் கடந்தன.

பச்சைக் குடத்துக்கு முதல் பரிசு! பதக்கத்தை அதன் கழுத்தில் மாட்டினார்கள். கழுத்து என்று ஒன்று இருந்தது வசதியாகப் போயிற்று. நாலாவது தெருவில் வெடி வெடித்தோம். குழாய் எந்த வாசலில் வருவது என்று எங்களுக்குள் ஒரு அடிதடியும் முடிந்தது.

குழாய் வரவில்லை. கன்னியம்மா வாரியத்துக்குப் போனாள். பரிசளிப்பு முடிந்ததும் வாரியம் எடுத்துப்போன குடம் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பதக்கத்தோடு வீற்றிருந்தது.

"எங்க சார் குழாயி?"

"வெற்றியாளர் வசிக்கும் இடத்தில்தானம்மா," என்று சுப்பராயன் வாசலைக் காட்டினார். அங்கே புத்தம்புதுக் குழாய் ஒன்று பளபளத்தது. "வெற்றியாளர் இப்போது இங்கே வசிக்கிறார்."

"அது என் கொடம் சார்!"

"நீங்கள்தானே சொன்னீர்கள், அது குடம் இல்லை, ஆள் என்று? ஆளுக்கு ஏதம்மா சொந்தக்காரர்?"

கன்னியம்மா வாழ்நாளில் முதல்முறையாகப் பேரத்தில் தோற்றுத் திரும்பினாள்.

குழாயைத் திறந்தால் காற்று வந்தது. அதுவும் சூடாக. வாரியத்துக்கும் தாகம் எடுக்குமே? அடுத்த முறை லாரி வரும் என்று பேச்சு வந்த காலையில், எங்கள் வரிசையின் தலைமாட்டில் பச்சைக் குடம் நின்றது, பதக்கத்தோடு.

பார்த்ததும் கன்னியம்மாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "என் கொடத்த இஸ்துகினு போயி, எனக்கு முன்னாடியே கொண்டாந்து வெச்சிகீறானா!" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உதைக்கக் காலை ஓங்கினாள்.

"அய்யய்யோ, வேணாண்டி!" தெருவே ஓடி வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டது. "ஆபீசரு நிக்கிறாரு!"

லாரி வந்தது. முதலில் ஆபீசர் நிரம்பினார்.