இரண்டு தாலூக்காவுக்கும் வேண்டாத முன்னேற்றம்

ஓசூர்ப் பக்கம் பின்தங்கிய பகுதி என்று அரசாங்கம் அறிவித்த நாளிலிருந்துதான் அந்தப் பக்கம் முன்னேற ஆரம்பித்தது. பின்தங்கிய பகுதியில் ஆலை வைத்தால் மானியம், வரிச்சலுகை, கரண்டில் தள்ளுபடி. கேள்விப்பட்டதுதான் தாமதம், பம்பாயிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் முதலாளிமார் ஓடோடி வந்தார்கள். ராகி விளைந்த மேட்டில் ஆலைச் சங்கு ஊதியது. லாட்ஜ் வந்தது, பரோட்டாக் கடை வந்தது, சஃபாரி சூட் தைக்கிற டெய்லர்கள் தெருவுக்குத் தெரு வந்தார்கள். இவ்வளவு வந்தும் பகுதி மட்டும் பின்தங்கியே இருந்தது. இருக்கத்தானே வேண்டும்? முன்னேறிவிட்டால் மானியம் நின்றுவிடும். மானியம் நின்றால் ஆலை போய்விடும். ஆலை போனால் பகுதி பின்தங்கிவிடும். ஆகவே, பின்தங்கிவிடாமல் இருப்பதற்காகப் பின்தங்கியே இருப்பது என்று பெரியவர்கள் எல்லாரும் ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள்.

இந்த விவரம் தெரியாத ஒரே பிரகிருதி பாகலூர் ஜமீர் அகமது. பி.காம். கடைசி வருஷம். அப்பாவிப் பிள்ளை, வகுப்பில் சொல்லித்தருவதை நிஜம் என்று நம்புகிற ரகம்.

பெல்பாட்டம் ஒழிந்த பிறகு நாட்டுக்கு ஒரு புது மோஸ்தர் வேண்டியிருந்தது. ‘தொழில் முனைவோர்’ வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் வேலை கிடைக்காதவனை வேலையில்லாதவன் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். இப்போது முனைவோர் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்தக் காய்ச்சல் ஜமீரின் கல்லூரியையும் பிடித்தது. கடைசி வருஷ மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தொழில் தொடங்க வேண்டும், தொழில் முனைவோர் ஊக்குவிப்பு அதிகாரி அதைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், சான்றிதழ் இல்லாதவருக்குப் பட்டம் இல்லை என்று விதி போட்டுவிட்டார்கள்.

ஊக்குவிப்பு அதிகாரி வெங்கடசாமி. சனிக்கிழமைதோறும் சாம்பல் நிற சஃபாரி சூட்டில் வந்து ஊக்குவிப்பார்.

“முனைவோருக்கு முதல்ல என்ன வேணும்?”

“பணம் சார்” என்றான் ஜமீரின் பக்கத்து இருக்கை யேசுராஜ்.

“தப்பு! துணிச்சல்! கையில இருக்கறத வுட்டுட்டுக் குதிக்கணும்!”

ஜமீர் எழுந்தான். “நீங்க என்ன தொழில்ல சார் குதிச்சீங்க?”

“எனக்கு பர்மனென்ட் ஆயிடுச்சு தம்பி. நான் எதுக்குக் குதிக்கணும்? உக்காரு.”

யேசுராஜ் சூட்டிகையானவன். விமான டயர் தொழிற்சாலை என்று ஒரு திட்ட அறிக்கை எழுதி, பச்சை அட்டை போட்டு, தங்க நிறத்தில் தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் விமானத்தைக் கீழே இருந்து பார்த்தவன். டயர் அதற்கு உண்டு என்பதே அறிக்கை எழுதும்போதுதான் தெரியும். ஜமீருக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. தொழில் தொடங்கு என்றார்களா, நிஜமாகவே தொடங்கிவிட்டான்.

அவனுடைய அத்தா லால் பாஷா ஆலைக் குடியிருப்பு வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். ஊரெல்லாம் சஃபாரி சூட் ஆனதால் துணி மலையாகக் குவிந்தது. ஆனால் இஸ்திரிப் பெட்டிக்குக் கரிதான் ஆனை விலை குதிரை விலை. தினம் அதையே சொல்லிப் புலம்புவார். அதே சமயம் கிருஷ்ணகிரி ரோட்டில், மாங்கூழ் ஆலைகளின் பின்பக்கம், மாங்கொட்டை மலை மலையாகக் கிடந்து ஈ மொய்த்தது. எடுத்துப் போகிறவனுக்கு ஆலைக்காரர்கள் கும்பிடு போடுவார்கள். ஜமீர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தான். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம்முகளைக் கொண்டுவந்து பாகலூருக்கு வெளியே கரட்டு மேட்டில் நிறுத்தினான். காய்ந்த கொட்டையை அடைத்து, தீ மூட்டி, மூடி போட்டு, காற்றுப் புகாமல் கனிய வைத்தான். திறந்தால் கன்னங்கரேல் என்று கரி.

“பரீட்ச முடியற வரைக்கும் பாக்கறேன்” என்றார் லால் பாஷா. “நீ அந்தச் சான்றிதழ வாங்கல, பட்டம் வராது. பட்டம் வரல, நானே காதப் புடிச்சி இழுத்துட்டுப் போயி ஆலை கேட்டுல ஹெல்ப்பரா வுட்டுருவேன். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் அடுத்தவன் மிஷினத் தொடச்சிட்டுக் கெட.”

ஜமீருக்கு ஹெல்ப்பர் என்ற வார்த்தையே ஆகாது. தொழில் தன்னுடையதாக இருக்க வேண்டும், வாசலில் தன் பேர் போட்ட போர்டு தொங்க வேண்டும் என்று உயிரையே விட்டுக்கொண்டிருந்தான்.

கரி பிய்த்துக்கொண்டு போனது. முதலில் அத்தா வண்டி, அப்புறம் மற்ற இஸ்திரி வண்டிகள், அப்புறம் டீக்கடைகள். வெங்கடசாமியின் சஃபாரி சூட்டில் கத்தி மாதிரி நின்ற மடிப்பே ஜமீரின் மாங்கொட்டையில் விழுந்ததுதான். பாவம், அவருக்குத் தெரியாது.

ஒரு மூட்டை கரியை எடுத்துக்கொண்டு ஜமீர் சான்றிதழ் கேட்கப் போனான்.

“சபாஷ்!” என்றார் வெங்கடசாமி. “மானியம் எவ்வளவு வாங்கின?”

“வாங்கல சார்.”

“பேங்க் கடன்?”

“இல்ல சார்.”

அவர் குரல் இறங்கியது. “நஷ்டமாவது ஆச்சா?”

“இல்ல சார். நல்லாப் போவுது.”

வெங்கடசாமி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தவர் முகத்தில் ரத்தம் இல்லை.

“ஊரக் கெடுத்துட்டியேடா, பாவி!”

“சார்?”

“வெளியூர்க்காரன் மானியம் வாங்கி ஆலை வெச்சா அது மானியத்தோட முன்னேற்றம். கணக்குல வராது. உள்ளூர்க்காரன் ஒருத்தன், மானியமும் இல்லாம கடனும் இல்லாம தொழில் வெச்சு லாபம் பாத்தான்னா, அந்தத் தாலூக்கா முன்னேறிடுச்சுன்னு அர்த்தம். விதியிலயே இருக்கு. இத்தன வருஷமா அந்த மாதிரி ஒரு அசம்பாவிதம் நம்ம தாலூக்காவுல நடக்கல. நிம்மதியா இருந்தோம்.”

“நீங்கதானே சார் குதிக்கச் சொன்னீங்க?”

“சொன்னா? எல்லாருக்குந்தான் சொன்னேன், உன்னத் தவிர எவனாவது குதிச்சானா? மெட்ராஸ்லருந்து பின்தங்கிய நிலை மறு ஆய்வுக் குழு வருது. அவங்க கண்ணுல உன் டிரம்மு பட்டுச்சுன்னா இந்த ஊரே பூண்டோட ஒழிஞ்சுது. ஒண்ணு பண்ணு. குழு போற வரைக்கும் உன் முன்னேற்றத்தக் கர்நாடகாவுல கொண்டு போயி வெய்யி. திரும்பி வா, சான்றிதழ் கையில தரேன்.”

பாகலூர்க் கரட்டிலிருந்து கர்நாடக எல்லைக்கல் கூப்பிடு தூரம். ஜமீர் டிரம்முகளைப் படுக்கப் போட்டு உருட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நிறுத்தினான். புகை கிளம்பியதோ இல்லையோ, மொபெட்டில் ஒருவர் வந்து இறங்கினார். அந்தப் பக்கத்துத் தாலூக்காவின் ஊக்குவிப்பு அதிகாரி கோவிந்தப்பன். அவருடையதும் சஃபாரி சூட்தான், நிறம் மட்டும் நீலம்.

“ஏனப்பா இது? என்னது இது?”

“தொழில் சார். மானியம் இல்லாம ஆரம்பிச்சது” என்றான் ஜமீர், கொஞ்சம் பெருமையாகவே.

கோவிந்தப்பன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். “பேடப்பா, பேடா! நம்மளுதும் பின்தங்கின தாலூக்காதான். எங்களுக்கும் பெங்களூர்லருந்து குழு வருது. உன் முன்னேற்றம் எங்களுக்கு வேணாம், ஓட்டிட்டுப் போ!”

உருட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். இங்கே வெங்கடசாமி நின்றுகொண்டு விரட்டினார். அங்கே போனான். அங்கே மொபெட் வந்தது. டிரம்மெல்லாம் சொட்டை விழுந்து, உள்ளே கொட்டை பாதி வேகாமல் போயிற்று.

“டேய், நீ கரி சுடறியா, தேர் இழுக்கறியா?” என்று கேட்டார் லால் பாஷா.

குழு வருகிற நாள் நெருங்க, தாலூக்கா முழுவதும் பின்தங்குவதற்கான ஆயத்தங்கள் போர்க்கால அடிப்படையில் நடந்தன. ஆலைச் சங்குக்கு லீவு விட்டார்கள். லாட்ஜ் போர்டுகளை ஓலை போட்டு மூடினார்கள். மேனேஜர்மார் லுங்கி கட்டி டீக்கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து பெருமூச்சு விட வேண்டும் என்று சுற்றறிக்கை. ஒருவர் இங்கிலீஷில் பெருமூச்சு விட்டதாகக் கண்டித்து மறுபடி விடச் சொன்னார்கள். ரோட்டில் மேய்வதற்கு ஆடுகள் வாடகைக்கு வந்தன. ஆடுகள் மட்டும்தான் இயல்பாக இருந்தன.

கெட்ட நேரம், மெட்ராஸ் குழுவும் பெங்களூர்க் குழுவும் ஒரே நாளில் வந்துவிட்டன.

காலையிலிருந்தே ஜமீர் ஒரு டிரம்மை வைத்துக்கொண்டு எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் திண்டாடினான். மற்றதையெல்லாம் வைக்கோல் போட்டு மூடியாயிற்று. இது பற்றவைத்த டிரம், கனிந்துகொண்டிருந்தது, மூட முடியாது. இந்தப் பக்கமிருந்து வெங்கடசாமி ஒரு கழியை வைத்துத் தள்ளினார். அந்தப் பக்கமிருந்து கோவிந்தப்பன் மொபெட்டை வைத்தே முட்டுக்கொடுத்தார். டிரம் நேராக எல்லைக்கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டது. நின்ற அந்த நிமிஷத்தில் இரண்டு பக்கமும் ஜீப்புகள் வந்து நின்றன.

“யாருடைய தொழில் இது?” என்று கேட்டார் மெட்ராஸ் தலைவர்.

“அவங்களுது சார்” என்றார் வெங்கடசாமி.

“அவருது சார்” என்றார் கோவிந்தப்பன்.

“என்னுது சார்!” என்று கத்தினான் ஜமீர். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு அழுகை முட்டியது. பாடுபட்டவன் பக்கத்தில் நிற்கிறான், இவர்கள் அடுத்தவன் வீட்டு எருமை பயிரில் இறங்கின மாதிரி பேசிக்கொள்கிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

இரு குழுவும் புங்கமர நிழலில் கூட்டாக அமர்ந்தன. இளநீர் வந்தது. ஆலோசனை நடந்தது. பிறகு மெட்ராஸ் தலைவர் எழுந்து தீர்மானத்தை வாசித்தார்.

“மேற்படி டிரம் எல்லைக்கோட்டின் மீது இருப்பதாலும், கோடு என்பதற்கு நீளம் உண்டே ஒழிய அகலம் கிடையாது என்பதாலும், அகலமில்லாத இடத்தில் எந்தப் பொருளும் இருக்க இயலாது என்பதாலும், மேற்படி டிரம்மும் அதில் நடைபெறும் தொழிலும் இல்லை என்று இரு குழுக்களும் ஒருமனதாகக் கண்டறிகின்றன.”

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடித்த பெங்களூர்த் தலைவர் களைத்துப்போய் அந்த இல்லாத டிரம்மின் மேல் கையை ஊன்றினார். அவர் போட்ட அலறல் பாகலூர் சந்தை வரைக்கும் கேட்டது. கொப்புளம் எந்த மாநிலத்துக்குரியது என்று பேச இன்னொரு கூட்டம் போட வேண்டியதாயிற்று.

இரண்டு தாலூக்காவும் பின்தங்கியவையாகவே நீடித்தன. ஊரே பட்டாசு வெடித்தது.

ஜமீர் சான்றிதழுக்குப் போய் நின்றான்.

“இல்லாத தொழிலுக்கு எப்பிடித் தம்பி சான்றிதழ் தர்றது?” என்றார் வெங்கடசாமி, உண்மையான வருத்தத்தோடு.

“யேசுராஜோட விமான டயரு மட்டும் இருக்குதா சார்? அவனுக்கு முதல் வகுப்புல குடுத்தீங்களே!”

“அது இனிமே வரப்போறது. வரப்போறத நம்பலாம். உன்னுது இருந்துகிட்டே இல்லாதது. அத எப்பிடி நம்பறது?”

பட்டம் போயிற்று. மறுநாள் லால் பாஷா சொன்னபடியே மகன் காதைப் பிடித்தார். ஆலை கேட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். ஜமீர் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கேட்டை ஒட்டின குடியிருப்பு வாசலில் அவருடைய இஸ்திரி வண்டி. பெட்டி ஆறிக் கிடந்தது. கரி தீர்ந்து இரண்டு நாளாகிறது. மூட்டை மூட்டையாகச் சஃபாரி சூட் காத்திருந்தது. லால் பாஷா வண்டியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், காதை விட்டார்.

“ஏன்டா, உன் தொழிலு இல்லன்னு கவர்மென்ட்டே எழுதிக் குடுத்துடுச்சில்ல?”

“ஆமா அத்தா.”

“அப்ப லைசென்ஸு?”

ஜமீர் மூக்கை உறிஞ்சினான். “இல்லாததுக்கு எதுக்கு?”

“வரி?”

“இல்லாததுக்கு எவன் போடுவான்?”

“அட மடையா!” என்றார் லால் பாஷா. “அப்புறம் எதுக்குடா அழுவற? போயி அந்த டிரம்ம கோட்டு மேலயே நிறுத்து!”

நிறுத்தினான். ஒரு டிரம் பத்தாயிற்று, பத்து பலவாயிற்று. எல்லைக்கோட்டின் மேலேயே வரிசையாக, கரடு ஏறி, ஏரிக்கரை தாண்டி, கண்ணுக்கெட்டிய தூரம் டிரம்மாக நின்றது. அவ்வளவு பெரிய தொழில் அந்தச் சீமையிலேயே இல்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அரசாங்கமும் அதையேதான் சொன்னது.

சில வருஷம் கழித்து அதே கல்லூரி ஜமீரைச் சிறப்புரைக்கு அழைத்தது. தலைப்பு: ‘தோல்வியைத் தாங்குவது எப்படி?’ ஜமீர் புதுக் காரில் வந்தான். வெங்கடசாமி கேட்டுக்கொண்டதற்கு இணங்க அதைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். அவன் போட்டிருந்தது சந்தன நிற சஃபாரி சூட்.

“பட்டம் பெறாதவரும், சான்றிதழ் பெறாதவரும், தொழில் ஏதும் இல்லாதவருமான திரு. ஜமீர் அகமது அவர்களே” என்று வெங்கடசாமி உருக்கமாக வரவேற்றார். தோல்வியைப் பற்றி ஜமீர் அருமையாகப் பேசினான். பேச்சு முடிந்ததும் முன் வரிசையிலிருந்து அருள்மேரி என்ற மாணவி எழுந்தாள்.

“சார், உங்க கரித்தூள வெச்சு நான் பல்பொடி பண்றேன். மானியம் வாங்கல, கடன் வாங்கல. நல்லா விக்குது. சான்றிதழ் மட்டும் வேணும்.”

வெங்கடசாமி ஜமீரைப் பார்த்தார். பின்தங்கிய பகுதி மானியத்தில் ஒரு கரித்தூள் ஆலை கட்ட ஜமீர் போன மாதம்தான் விண்ணப்பம் போட்டிருந்தான்.

ஜமீர் மேடையை விட்டு இறங்கினான். தானே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“ஊரக் கெடுத்துட்டியேம்மா, தங்கச்சி!”

அருள்மேரி ஜமீரின் கதை தெரிந்த பெண். “அதுக்கென்னண்ணா? நானும் கோட்டு மேலயே வெச்சுக்கறேன்.”

“அங்க எடமில்ல தங்கச்சி” என்றான் ஜமீர். “கோடு பூரா நம்ம டிரம்முதான்.”