கனமானதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்

‘நாஞ்சில் அகப்பை’ மாத இதழின் ஆசிரியர், மதிப்புக்குரிய திரு. வைகுண்டராஜன் அவர்களுக்கு,

தக்கலைக்குப் பக்கத்திலிருந்து வடிவாம்பாள் கைகூப்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் பேத்தி இந்துஜாவும் பசுவும் கன்றும் சுகம். அங்கே நீங்களும் வீட்டாரும், முக்கியமாக உங்கள் பற்களும், ஒரு குறையுமில்லாமல் இருக்கக் குமாரகோவில் முருகனை வேண்டிக்கொள்கிறேன். பற்களை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது வாசிக்க வாசிக்கப் புரியும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் போனில் பேசினால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும், பேத்தி இருப்பதோ அடுத்த அறையில். அதனால்தான் கடிதம். நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான், அதுவும் ஊரில் ஆறாம் வகுப்பு இல்லாததால். இருந்திருந்தால் இந்தக் கடிதம் உங்களுக்கு இங்கிலீஷில் வந்திருக்கும், நீங்கள் ஆள் வைத்து வாசித்திருப்பீர்கள்.

விஷயம் இதுதான். நீங்கள் நடத்திய ‘வீகன் கேக்’ போட்டியில் முதல் பரிசு வாங்கினாளே இந்துஜா, அவள் என் பேத்தி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் போன ஓணத்துக்கு லீவில் வந்தாள், வந்த மூன்றாம் நாள் அடுக்களையில் நின்று, “ஆச்சி, நான் இனி கேக்குதான் செய்யப்போறேன். பாலு, வெண்ணெ, முட்டை, தேனு ஒண்ணும் கெடையாது. மைதாவும் வெள்ளச் சீனியும் கெடையாது” என்றாள். “பின்ன என்னத்த வச்சுட்டீ செய்வ?” என்று கேட்டேன். “மிச்சம் உள்ளத வச்சு” என்றாள். சரி, பெண் பிள்ளை ஒரு ஆசையாகச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் நான் பால் கறக்கப் போனால் குறுக்கே வந்து நிற்கிறாள். “அது கன்னுக்குட்டிக்கு உள்ளது ஆச்சி, நமக்கு அதுல என்ன உரிமை?” அன்றிலிருந்து முழுப் பாலும் கன்றுக்கு. அது இப்போது தாயைவிட அரைச்சாண் உயரம். தண்ணீர்த் தொட்டிக்கு அது வந்தால் தாய் ஒதுங்கி வழிவிடுகிறது. எனக்குத் தேங்காய்ப்பால் காப்பி. குறை சொல்லவில்லை, பழகிவிட்டது, ஆனால் காப்பி என்று நான் அதை வெளியாள் முன்னால் சொல்வதில்லை.

கேக் விஷயத்துக்கு வருகிறேன். முதல் கேக் கேழ்வரகும் பலாக்கொட்டை மாவும் சேர்த்தது. கத்தி இறங்கவில்லை. அரிவாள்மணை இறங்கவில்லை. கடைசியில் தேங்காய் உரிக்கிற பாரையை நட்டு, அதன்மேல் வைத்து இரண்டு பேரும் அமுக்கிப் பிளந்தோம். இரண்டாவது கேக்கில் பாதியைக் காற்றில் வாசல் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்தேன், இன்றுவரை கதவு அசையவில்லை, எறும்பும் வரவில்லை. மூன்றாவதில் முட்டைக்குப் பதிலாக ஆளிவிதையை ஊறவைத்து அரைத்துப் போட்டாள், அது தட்டில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது, அதைப் பிடிப்பதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்படிப் பதினொரு கேக். பதினொன்றிலும் துண்டு எடுத்து நான் காப்பியில் ஊறப்போட்டு, “நல்லா இருக்குட்டீ மக்கா” என்று சொல்லித் தின்றேன். காலையில் ஊறப்போட்டால் உச்சைக்குச் சாப்பிட்டுவிடலாம். கைக்குழந்தை மாதிரி ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் எனக்கு ஒரு கணக்கு மனதில் விழுந்துவிட்டது: இந்துஜாவின் கேக் என்றால் கனமாக இருக்கும். இந்த அறிவுதான் எங்களைக் கெடுத்தது.

பன்னிரண்டாவது கேக் உங்கள் போட்டிக்கு. மட்டி வாழைப்பழம், கருப்பட்டி, தேங்காய்ப்பால், சம்பா கோதுமை. பிளாஸ்டிக் ஆகாது என்று நீங்கள் சொன்னபடி வாழையிலையில் பொதிந்து, நாரால் கட்டி, சமையல்கட்டுப் பெஞ்சில் வைத்துவிட்டு, விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்கத் தக்கலைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து எண்ணெய்ச் செக்கு ராஜையன் பசுவுக்குத் தேங்காய்ப் பிண்ணாக்கு கொண்டுவந்தார். எங்கள் பசு பிடிவாதக்காரி, தூளாகப் போட்டால் மூச்சு விட்டே ஊதிவிடும், அதனால் அவர் சூட்டோடு வட்ட டப்பாவில் அமுக்கி, வட்டமாகவே எடுத்துத் தருவார். அவரையும் பிளாஸ்டிக் கவர் ஆகாது என்று என் பேத்தி திருத்தி வைத்திருந்தாள். ஆக அவரும் வாழையிலையில் பொதிந்து, நாரால் கட்டி, அதே பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே கூரியர் ஷிபு. வண்டியை நிறுத்தாமலே, “ஆச்சி, விண்ணப்பமும் விலாசமும் பேத்தி தந்தாச்சு, கேக்க வேகம் தாங்க, நாரோயில் வண்டி போயிரும்!” என்கிறான். இரண்டு பொதி. ஒரே வட்டம், ஒரே சூடு, ஒரே தேங்காய் வாசம். நான் பதறவில்லை. இரண்டையும் இரண்டு கையில் தூக்கினேன். கனமானதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் தொழுவத்தில் மற்றப் பொதியைப் பிரித்தேன் ஐயா. உள்ளே பஞ்சு. விரல் வைத்த இடம் அமுங்கி, மெதுவாக மறுபடி எழும்பியது. பதினொரு கேக் தின்ற நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ‘ஐயோ, சரியா வந்துட்டே!’ என்று சந்தோஷப்படுவதற்குள் பசு வாயை வைத்துவிட்டது. கேக்கைத் தின்று, இலையைத் தின்று, நாரையும் தின்றுவிட்டு என் கையை நக்கியது. அன்றிலிருந்து பிண்ணாக்கு வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. இந்த உலகத்தில் என் பேத்தியின் அந்த முதல் நல்ல கேக்கைத் தின்ற ஒரே ஜீவன் அது, அது சாட்சி சொல்ல வராது.

தோற்றால் தோற்கட்டும், அடுத்த தடவை ஜெயிப்பாள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தோற்கவில்லை. அதுதான் வினை. உங்கள் இதழில் நீங்களே எழுதியிருந்தீர்கள்: “முதல் கடியில் எதிர்ப்பு, இரண்டாம் கடியில் சரணாகதி, மூன்றாம் கடியில் மண்ணின் மணம். மென்மை என்னும் மயக்கத்தை உடைத்தெறிந்த கேக்.” பக்கத்தில் உங்கள் சிரித்த படம். போன மாதப் படத்தில் மேல்வரிசையில் இருந்த ஒரு பல் இந்த மாதம் இல்லை. இரண்டு இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ராஜையனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் செக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஆச்சி, முப்பது வருசமாட்டு இந்தப் பிண்ணாக்க விக்கியேன். ஒரு மனுசன் நல்லா இருக்குன்னு ஒரு வாக்கு சொன்னதில்ல. அந்தச் சர்ட்டிபிகேட்டுல அடியில எனக்க பேரையும் எழுதச் சொல்லுங்க” என்றார். எழுத முடியாது என்று சொன்னதற்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு ஆர்டர் வந்தது. இந்துஜாவும் பன்னிரண்டாவது கேக்கை அப்படியே செய்து கொடுத்தாள், பஞ்சுபோல. பெமிலா டீச்சர் ஒரு வாய் போட்டுவிட்டு, “இதென்ன, கேக்கு மாதிரியே இருக்கு? பரிசு வாங்கினதுக்கு ஒரு கெட்டி வேண்டாமா மக்களே?” என்று திருப்பித் தந்தார். தபால்காரர் கிளீட்டஸ் மூன்று கடி கடித்துவிட்டு, “எதிர்ப்பே வரல்லியே” என்றார். ஊர் முழுக்க இதே பேச்சு. பிள்ளை அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். “எனக்க கை போச்சு ஆச்சி. ஒரே ஒரு நேரம் சரியா வந்துது. அது எப்பிடி வந்துதுன்னு எனக்கே தெரியல்ல” என்கிறாள். பழைய ஆபீசில் மறுபடி கூப்பிடுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டு, பெட்டியும் கட்டிவிட்டாள். கட்டின பெட்டியை அவள் இல்லாத நேரம் நான் ஒருமுறை அவிழ்த்து வைத்தேன். மறுபடி கட்டிவிட்டாள்.

ஐயா, அவள் கை போகவில்லை. போனது என் கை. பிண்ணாக்கு தின்ற விஷயத்தை நீங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்கும் அது அழகில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், “கேக் என்றால் பஞ்சுபோல இருப்பதே உத்தமம், முன்பு எழுதியது பல்வலியில் எழுதியது” என்று உங்கள் கைப்பட அவளுக்கு நாலு வரி எழுதிப்போட்டால் போதும். பெட்டியை அவளே அவிழ்த்துவிடுவாள்.

உங்கள் பேனா ஓயாமல் ஓட, வீட்டில் அடுப்பு அணையாமல் எரிய, மிச்சமுள்ள பற்கள் நூறு வயதுவரை வரிசையில் நிற்க, மூத்தவள் என்ற முறையில் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
வடிவாம்பாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், நல்ல பசை, பிரியவில்லை. அதனால் இதை வெளியே எழுதுகிறேன். இன்று காலை இந்துஜா கூடையோடு ராஜையன் செக்குக்குப் போனாள். திரும்பி ஓடி வந்து, “ஆச்சி, கிட்டிப்போச்சு! அன்னைக்குத் தேங்காய்ப்பால் பிழிஞ்ச திப்பியும் மாவுல விழுந்திருக்கும், அதுதான் அந்தக் கடி! அதவிடக் கெட்டியா மாமாக்க கிட்ட பிண்ணாக்கு கெடக்கு!” என்றாள். பாதிக்குப் பாதி போட்டுச் செய்தாள். பெமிலா டீச்சர் அரைமணி நேரம் மென்றுவிட்டு, கண் கலங்கி, நாலு கேக் வேண்டும் என்றார். ராஜையன் என்னோடு மறுபடியும் பேசுகிறார். பஸ் டிக்கெட் ரத்து. ஆகையால் ஐயா, உள்ளே எழுதியது எதுவும் நடக்கவில்லை. உங்கள் தீர்ப்பு நூற்றுக்கு நூறு சரி. உறையைப் பிரிக்காமல் அப்படியே அடுப்பில் போடவும். தபால்தலை ஒட்டியது வீணாகக் கூடாதே என்றுதான் அனுப்புகிறேன். கிளீட்டஸ், வழியில் நின்று வாசித்தது போதும், சைக்கிளை எடும்.