சீனித்தண்ணி அண்ணை போட்ட பூச்சியம்

சுவிட்சர்லாந்தில் அளக்காமல் விட்டது ஒன்றுமில்லை. மிச்சமிருந்த மிளகாயையும் சீனித்தண்ணி அண்ணை அளந்து முடித்தார்.

ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவர் பாத்திரம் கழுவினார். உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. தமிழ்க் கடைக்குப் புது மிளகாய்த்தூள் வந்தால், கொஞ்சத்தைக் கரைத்துச் சீனித் தண்ணீரில் விட்டு ஐந்து பேருக்குக் கொடுப்பார். மூன்று பேருக்கு உறைத்தால் இன்னும் சீனித் தண்ணீர் ஊற்றுவார். உறைப்பு அடங்க எத்தனை மடங்கு ஊற்றினாரோ, அதுதான் அந்தத் தூளின் இலக்கம். மிளகாய் உறைப்புக்கான ஸ்கோவில் அளவை ஆதியில் இப்படித்தான் எடுத்தார்கள் என்று கைபேசியில் படித்திருந்தார். இப்போது மெசினில் அளக்கிறார்களாமே என்றேன்.

"மெசினுக்கு நாக்கு எரியுமோ?"

பேர்ண் போகும் ரயிலிலும் போத்தலும் கரண்டியுமாகத்தான் போவார். ஒருநாள் டிக்கெட் பரிசோதகரிடமும் கரண்டியை நீட்டினார். அந்த மனிதர் அண்ணையின் டிக்கெட்டைக்கூடப் பார்க்காமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நாலு நாடு அலைந்து, இரண்டு வேலை போய், அதே இல்லத்தில் உதவிச் சமையலுக்குச் சேர்ந்திருந்தேன். மூன்று மாதச் சோதனைக் காலம். வேலை நிரந்தரமானால்தான் விசாவுக்கு எழுதலாம். ஒரு தட்டு விழுந்தாலே வேலை போச்சென்று நினைப்பேன்.

கடைசி வாரம் தலைமைச் சமையல்காரி என்னை இலங்கைக் கோழிக்கறி வைக்கச் சொன்னார். உறைப்பு மட்டும் கூடாது என்றார். பாதித் தூள்தான் போட்டேன். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. அண்ணையிடம் ஓடினேன். துப்புரவு வேலை செய்யும் நம்மவர் மூவரைக் கூட்டி வந்தார். அவரோடும் என்னோடும் ஐந்து நாக்கு. சீனித் தண்ணீர் கலக்காத முதல் கோப்பையிலேயே ஐவரும் உறைப்பில்லை என்றோம். இன்னும் கொஞ்சம் தூள் போடலாமென்று ஒருவர் ஆலோசனையும் சொன்னார். அண்ணை தடித்த பேனையால் சட்டி மூடியில் பெரிய பூச்சியம் போட்டார்.

"பயப்பிடாதை தம்பி. இது விஞ்ஞானம்."

விஞ்ஞானத்தில் ஒரு சின்னப் பிழை. ஐந்தும் அன்று காலை காய்ந்த மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு பாண் துண்டுகள் தின்ற நாக்குகள்.

தலைமைச் சமையல்காரி ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். முகம் சிவந்தது. 'ஷார்ஃப்' என்றார், உறைப்பு என்று. பிறகு இருமல். இருமல் நின்றதும் தூள் போட்டது யாரென்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்," என்றார் அண்ணை, ஜெர்மனில். என் பக்கம் திரும்பித் தமிழில் மெல்லச் சொன்னார். "எனக்கு விசா இருக்கு. நீ வாயை மூடு."

பிறகு கிரீமை எடுத்துச் சட்டியில் ஊற்றி, ஒவ்வொரு கரண்டிக்கும் ஒருதடவை சமையல்காரிக்கே ருசி பார்க்கக் கொடுத்தார். கோபத்தில் நின்ற மனுசி, தான் அளவுகோலானது தெரியாமலே ஒன்பது தடவை ருசி பார்த்தார். ஒன்பதாவதில் தலையசைத்தார். கறி பால்கஞ்சி மாதிரி இருந்தது. முதியவர்கள் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எனக்கு வேலை நிரந்தரமானது. அண்ணையை நிலவறையில் துணி துவைக்க அனுப்பினார்கள். நான் போய் முன்னால் நின்றேன். "கீழ நல்ல சூடு, பனிக்குச் சுகம்," என்றார். பிறகு யோசித்து, "ஒரு சுவிஸ் நாக்குச் சேர்த்திருக்க வேணுமடா," என்றார்.

எவ்வளவு தேய்த்தும் அந்தப் பூச்சியம் போகவில்லை என்று மூடியை எறிந்துவிட்டார்கள். விசா வந்தபிறகும் நான் ஓரிடத்தில் தங்கவில்லை. ஒவ்வொரு ஊரைவிட்டும் கிளம்பும்போது பெட்டியில் முதலில் வைப்பது, குப்பையிலிருந்து எடுத்த அந்த மூடியைத்தான்.