நண்டுக் கூடையும் சிவப்பு விளக்கும்

"ஐயோ, எரியுதே!"

நோணாங்குப்பம் பாலத்தருகே காரை நிறுத்தியிருந்த ஆரோன், மீட்டரைப் பார்த்து அலறினான். கார் மாமனாருடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வு பெற்ற பிரகாசம், அதை முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓட்டியதே இல்லை. பெண்ணைக் கொடுத்தபோதுகூடச் சொல்லாத புத்திமதியைச் சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்.

"மீன் நாத்தம் ஏறக் கூடாது மாப்ள. வண்டிக்கு ஒண்ணு ஆச்சு, அதோட சரி."

அந்தப் பயத்தில் ஆரோனின் கண் ரோட்டை விட்டு நகரவே இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நண்டை விட மனசு வருமா? வாங்கிய கூடையை முன் சீட்டுக்கு அடியில் ஒளித்தான். வழியில் ஒரு நண்டு பிரேக்கை நோக்கிப் புறப்பட்டது. பதறி நிறுத்திக் கூடையை இழுத்தான். மஞ்சள் ஒயர் ஒன்று கூடவே பிடுங்கிக்கொண்டு வந்தது. நிமிர்ந்தால், மீட்டரில் சிவப்பு விளக்கு.

பாவாடை என்ற மெக்கானிக், ஒயரைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான்.

"ஏர்பேக் லைட்டு சார். சாவி போட்டதும் உள்ள ஒரு பெட்டி எல்லா ஒயரையும் 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேக்கும். ஒண்ணு பதில் சொல்லலன்னாலும் லைட்டை அணைக்காது. எங்கனா மோதினா பை விரியாது."

"அதான் ஒயரைத் திரும்ப மாட்டிட்டியே, இன்னும் ஏன் எரியுது?"

"பழசை மறக்காது சார், மாமியாருங்க மாதிரி. கம்ப்யூட்டர் வச்சித்தான் அழிக்கணும். அது மெட்ராஸ்ல."

பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள். விளக்கு அசையவில்லை, காரின் கடிகாரம்தான் பன்னிரண்டுக்கு ஓடிவிட்டது. மாமனார் இரண்டு முறை போனில் கூப்பிட்டுவிட்டார்.

"லைட்டு மேல கறுப்பு டேப்பு ஒட்டு."

"வேணாம் சார். உசுரு சமாச்சாரம்."

"என் உசுரு மாமனார் கையிலப்பா! ஒட்டு!"

வாசலிலேயே காத்திருந்தார் பிரகாசம். கதவைத் திறந்து மோந்தார்; நல்லவேளை, நண்டுக் கூடை மெக்கானிக்கிடமே தங்கிவிட்டிருந்தது. மூக்குக் கண்ணாடி இல்லாமலே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். விளக்கு இருந்த இடத்தையே உற்றுப் பார்த்தார். ஆரோன் ஓர் அடி பின்வாங்கினான். தொலைந்தோம் என்று முடிவே கட்டிவிட்டான்.

"மோன் தியே, என் ஆண்டவரே! அகஸ்டினா, இங்க ஓடியா!"

மாமியார் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"வாங்குன நாள்லேர்ந்து எரிஞ்ச லைட்டை மாப்ள அணைச்சிட்டாருடி! அதுக்குப் பயந்துதானே இத்தினி நாளா முப்பதுல ஓட்டினேன்? நாளைக்கே வேளாங்கண்ணிக்கு நூறுல போறோம். மாப்ள, முன் சீட்டு உங்களுக்குத்தான்!"