'பிரேக்: நன்று'

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் அநாவசியமாகக் கொண்டாடுகிறது. உருட்டிவிட யாராலும் முடியும், நிறுத்துவதுதான் நாகரிகம். அந்த நாகரிகத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாகத் தனியொருவராகத் தாங்கி நின்றவர் நம் வாகன ஆய்வு அதிகாரி. ஊரில் ஓடும் எந்தப் பேருந்தும் லாரியும் அவர் கையெழுத்தில்லாமல் சாலையில் இறங்க முடியாது. 'பிரேக்: நன்று' என்று அவர் எழுதிவிட்டால் நன்றுதான். குனிந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. குனிந்தால் பதவியின் மாண்பு என்னாவது?

அப்பேர்ப்பட்டவரின் சொந்தக் கார், பதினேழு வயதுக் கிழம், பின்பக்கம் கீச்சிடத் தொடங்கியது.

"பின்னாடி பிரேக் பேட் தேஞ்சிருச்சுங்க," என்றாள் மனைவி. "நாளைக்குக் காலைல நான் தங்கச்சிய இன்டர்வியூக்குக் கூட்டிட்டுப் போகணும். நம்ம வீட்டுலேருந்து கீழ போற ரோடு முழுக்கச் சரிவு. இன்னைக்கே ஒர்க்‌ஷாப்ல விட்டுட்டு வாங்க."

அதிகாரி திடுக்கிட்டார். மெக்கானிக்குகள் தம்மிடம் வந்து நிற்பதுதான் முறை. தாம் போய் அவர்களிடம் நிற்பதா?

"நானே மாத்துறேன்."

அன்று ஞாயிறு. காலை பத்து மணிக்கே வீட்டு வாசலில் 'பணி' தொடங்கியது. முதலில் ஒரு படிவம் தயாரானது. 'வண்டி உருளாதிருக்க ஹேண்ட் பிரேக் இழுக்கப்பட்டுள்ளதா?' என்ற வினாவுக்கு ஆம் என்று டிக் அடித்து, மறக்காமல் இழுத்தும் வைத்தார். மைத்துனி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். நாற்பது நிமிடம் இதிலேயே போயிற்று.

ஜாக்கி ஏறியது, சக்கரம் கழன்றது, போல்ட்டுகளும் வந்தன. பேடுகளைப் பிடித்திருந்த இரும்புக் கவ்வி மட்டும் வரமாட்டேன் என்றது. இழுத்தார், ஆட்டினார், சுத்தியலால் 'அறிவுறுத்தினார்'. அசைந்து கொடுக்கவில்லை.

"மாமா, ஹேண்ட் பிரேக்க எறக்கிவிட்டா வருமோ?" என்றாள் மைத்துனி.

"பாதுகாப்புல சமரசமே கிடையாது."

"பின் சக்கரத்துல அதுவும் இதே பேடத்தானே இறுக்கிப் புடிச்சிருக்கும்?"

"படிவத்துல ஆம்னு போட்டாச்சும்மா."

பன்னிரண்டரைக்கு அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். மனைவி முன் சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். அதிகாரி திரும்பி வந்து தொட்டதும் கவ்வி கையோடு வந்துவிட்டது.

"விடாமுயற்சி," என்று இருவருக்கும் விளக்கினார்.

கவ்விக்குள் பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள அரை மணி நேரம் மூச்சைப் பிடித்து அழுத்தினார். மைத்துனி லேசாகத் திருகியதும் அது உள்ளே போயிற்று. புதிய பேடை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவர் ஒரு பேடைப் பார்ப்பது அதுவே முதல் முறை என்று சொல்வது மரியாதையாக இராது. ஒரு பக்கம் இரும்புத் தகடு, மறுபக்கம் கறுப்பாக ஏதோ. ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் இரும்புப் பக்கத்தை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பார்த்து வைத்தார்.

"என்னங்க, கறுப்புப் பக்கம்தானே உரசணும்?"

"இரும்பு உறுதியா, இது உறுதியா? நீயே சொல்லு."

அடுத்த சக்கரத்துக்கும் இதே 'நடைமுறை' பின்பற்றப்பட்டது. மாலையில் முறைப்படி ஒரு சான்றிதழ் எழுதி, கையெழுத்திட்டுக் கண்ணாடியில் ஒட்டினார்: 'பிரேக்: நன்று.'

மறுநாள் காலை மனைவி சாவியும் கையுமாக நின்று அதைப் படித்தாள்.

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"எதுக்கு? அதான் சர்ட்டிபிகேட் ஒட்டியிருக்கே."

"ஆபீஸ்லயும் இப்படித்தானா?"

"பத்தொன்பது வருஷமா ஒரு குறை சொன்னதில்ல யாரும்," என்றார் பெருமையாக.

மனைவி சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தங்கையை இழுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள். நல்லவேளையாக வண்டி நின்றிருந்தது. முன்வரிசையில் இடமும் கிடைத்தது. டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார்.

தங்கை கண்ணாடியைக் காட்டினாள். "அக்கா, அங்க ஒட்டியிருக்கே, அது மாமா கையெழுத்துதானே?"

அக்கா உற்றுப் பார்த்தாள்.

"எறங்குடி."

இருவரும் சரிவில் நடந்தே போனார்கள். போய்ச் சேர்ந்தபோது நேர்காணல் முடிந்து, அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பேருந்தில் மற்ற ஐம்பத்திரண்டு பேரும் நிம்மதியாக உட்கார்ந்து போனார்கள். அவர்களில் யாருக்கும் அதிகாரியைத் தெரியாது.