சாவியம்மா படி ஏறமாட்டாள்

பதுளை,
மழை விட்ட புதன்கிழமை.

அன்புள்ள மருமகன் இந்திரஜித்துக்கு அத்தை எழுதிக்கொள்வது.

நான் நலம். முழங்கால் மட்டும் வழக்கம்போல் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. உன் நலத்தைக் கடிதத்தின் முடிவில் விசாரிக்கிறேன். இப்போது அதற்கான மனநிலையில் நான் இல்லை.

தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். காகிதத்துக்குக் குரல் கிடையாது. இதை எடுத்து, நீ கம்ப்யூட்டரில் செய்து விற்கிற எந்த விளையாட்டிலும் போட முடியாது. இனி என் குரல் உனக்குக் கிடைக்காது என்பதை இதன்மூலம் அறியத் தருகிறேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றுதானே கேட்பாய்? போன மாதம் பஜாரில் ஷுக்ரியின் கடைக்குப் போனேன். "இந்தப் பருப்பில் கல் இருக்கிறது" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன், அவருடைய பேத்தி இஸ்ரா ஒரே பாய்ச்சலில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். "என்ன பிள்ளை வளர்ப்பு இது?" என்றேன். மனிதர் நெளிந்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. புள்ள ஒங்களச் சாவியம்மான்னு நெனச்சுட்டா." "யார் அந்தச் சாவியம்மா?" "கேம்ல வார ஒரு கெட்ட பொம்பளைங்க. கொரல் அப்படியே நீங்கதான்." தன் போனிலேயே போட்டுக் காட்டினார். 'பனிமலைப் பங்களா', இரண்டாம் பாகம். மூடுபனிக்குள் ஒரு பழைய துரை பங்களா, இடுப்பில் சாவிக்கொத்துடன் ஒரு கிழவி. அவள் வாயைத் திறந்தாள், என் குரல் வந்தது! "சப்பாத்தோடு உள்ளே வந்தது யார்?" வருஷப் பிறப்புக்கு நீ வந்து போன பிறகு தரையைப் பார்த்துவிட்டு நான் உனக்கு அனுப்பியது. "நேராக நில். முதுகு ஏன் வளைகிறது?" உன் கல்யாணப் படத்தைப் பார்த்துச் சொன்னது. "ஒளிந்திருப்பது யாரென்று எனக்குத் தெரியும். நான் உள்ளே வருவதற்குள் வெளியே வா." ஒரு கிழமை முழுக்க, ஏழு நாளும் நீ என் அழைப்பை எடுக்காமல் இருந்தபோது, உன் நன்மைக்காகச் சொன்னது. மருமகனுக்குச் சொன்ன புத்திமதி எல்லாம் ஒரு கொலைகாரிக்கு வசனமா? உனக்கு அந்தப் பெயரை வைத்தபோதே அண்ணாவிடம் வேறு பெயர் பார்க்கச் சொன்னேன். கேட்டாரா?

வில்லியாக்கியதைக்கூட மன்னிப்பேன். தலைமை வில்லியாகவாவது ஆக்கினாயா? மேலே 'கருந்துரை' என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கொட்டாவி விடுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. அவனுக்குத் தட்டில் வைத்துத் தேத்தண்ணீர் கொண்டுபோவது நானாம். கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்த உன் மாமாவுக்கே நான் தட்டில் வைத்துக் கொடுத்தது கிடையாது. போதாததற்கு என் முழங்காலையும் விட்டுவைக்கவில்லை. சாவியம்மாவுக்குப் படி ஏற முடியாதாம், விளையாடுகிறவன் படியில் ஏறிவிட்டால் தப்பித்துவிடுவானாம். உன்னை நம்பிச் சொன்ன உடம்பு விஷயத்தை ஊர் முழுக்கப் பரப்பியிருக்கிறாய். பண்டாரவளை பஸ்ஸில் ஒரு பையனிடம் "தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காரு" என்றேன். அவன் எழுந்து அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கிவிட்டான்.

இதில் என் மனதை வருத்தியது வேறு விஷயம். நம் வீட்டுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தின் பின்பக்க மண்மேடு வெடிப்பு விட்டிருப்பதை இரண்டு மழைக்காலமாகச் சொல்லி வருகிறேன். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களே புதைந்ததைப் பார்த்த பிறகும் இந்தச் சனங்களுக்குப் பயம் வரவில்லை. சாதாரணமாகவே நான் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, இனி வில்லியின் பேச்சையா கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோதனையும் வந்தது. மழை விடாமல் கொட்டுகிறது, எல்லாரும் மேலேயிருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிக் கிராம சேவகர் அறிவித்துவிட்டார், மத்தியானமாகியும் லயத்திலிருந்து ஓர் ஆள் அசையவில்லை. நான் இறங்கிப் போய்ப் பார்த்தால், கோயில் தலைவர் சின்னராசா ஒலிபெருக்கியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி நிற்கிறார். "யாரும் கேக்க மாட்டேங்கிறாங்கம்மா. சோறு அடுப்புல இருக்குங்கிறாங்க, மழை என்ன புதுசாங்கிறாங்க." குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு மைக்கை நான் வாங்கினேன். கான்வென்டில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் அல்லவா? "பேரன்புமிக்க லயத்து மக்களே, இயற்கையின் சீற்றத்தை அலட்சியம் செய்தல் ஆகாது" என்று முறையாகத் தொடங்கினேன். ஒரு நாய் மட்டும் வந்து எட்டிப் பார்த்தது. அப்போது ஒரு ஜன்னலுக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. எனக்கு வந்ததே கோபம்! இலக்கணத் தமிழ், இயற்கைச் சீற்றம் எல்லாவற்றையும் விட்டேன். "ஒளிந்திருப்பது யாரென்று எனக்குத் தெரியும். நான் உள்ளே வருவதற்குள் வெளியே வா!"

நம்புவாயா, இந்திரஜித்? எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்தது. "சாவியம்மா வருது! படியில ஏறுடா, ஏறுடா!" என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் படிகளில் பறந்தார்கள். "அடேய், எங்கடா ஓடுறீங்க" என்று தாய்மார் அகப்பையோடு பின்னால் ஓடினார்கள். தாய்மாரைத் தேடித் தகப்பன்மார், அவர்கள் பின்னால் சட்டியோடு சோறு, சட்டியின் பின்னால் அந்த நாய். லயம் காலி. நானும் மேலே போக வேண்டுமே? சின்னராசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். மேலேயிருந்து ஓர் அலறல் கேட்டது. "அய்யோ, படி ஏறுது! சாவியம்மா படி ஏறுது!" நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லாரும் அடுத்த பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் தைரியமாகக் கேட்டாள். "நீங்க படி ஏற மாட்டீங்கதானே?" இன்றைக்கு மட்டும் கருந்துரையிடம் அனுமதி வாங்கி வந்தேன் என்றேன். பொழுது சாய்வதற்குள் மண்மேடு சரிந்து லயத்தின் குசினிகளை அடுப்போடு சேர்த்து மூடிவிட்டது. சின்னராசாவின் சேவல் ஒன்றைத் தவிர எல்லாரும் இருக்கிறோம்.

இதனால் உன் குற்றம் குறைந்துவிட்டதாக நினைக்காதே. அடுத்த பாகம் வருவதற்குள் சாவியம்மாவின் வாயிலிருந்து என் குரலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வக்கீல் ராமாமிர்தத்தைப் பார்ப்பேன்.

நீ நலமா? துவாரகாவுக்கு என் அன்பைச் சொல். இருவரும் நிறைந்த ஆயுளோடும் நேரான முதுகோடும் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

அன்புள்ள அத்தை,
திருமதி லிங்கம்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டிய பிறகு அதிகாரிகள் வந்தார்கள், அதனால் பிரித்து எழுதுகிறேன். மேட்டில் இன்னும் இளகிய மண் இருக்கிறதாம், அடுத்த மழைக்கும் கவனம் தேவையாம். பிள்ளைகளுக்குப் பழைய வசனம் பழகிவிட்டது. நேற்று ஒரு வாண்டு எனக்கே அதைப் பேசிக் காட்டியது. ஆகவே மூன்றாம் பாகத்துக்குப் புதிய வசனங்கள் பேசி இன்று காலை உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். "மழை பிடித்துவிட்டது, இன்னும் கீழே என்ன வேலை?" என்பதை மூன்று விதமான கோபத்தில் பேசியிருக்கிறேன், கடைசியில் உள்ளதைப் போடு. தேத்தண்ணீரை அந்தக் கருந்துரை தானே ஊற்றிக் குடிக்கட்டும். ஆனால் சாவியம்மாவைப் படி ஏறவிடாதே. அவள் முழங்கால் அப்படியே வலிக்கட்டும். பிள்ளைகளுக்கு ஓடிப்போக ஓர் இடம் வேண்டும்.